ரோமின் டிராட்டோரியாவில் ஒரு மதிய உணவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோம் நகரின் தெஸ்தாச்சோ பகுதியில் உள்ள ஒரு பழைய டிராட்டோரியாவில், மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், என் மனைவியும் நானும் மதிய உணவு உண்டோம். அங்கே வைத்த மாட்டுவால் குழம்பைப் போல ஒன்றை நான் வேறெங்கும் உண்டதில்லை. அதே மேசைக்கு வந்த பாஸ்தாத் தட்டு ஒன்று பாதிக்கு மேல் மீந்து திரும்பிச் சென்றது. இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்களும் உறவினர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கின்றனர். அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் உணவகத்தின் பெயரைத் தரவில்லை.

டிராட்டோரியா என்பது எத்தகைய உணவகம்?

பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்துவது. அந்த ஊரின் வழக்கமான உணவுகளை அதிக அலங்காரமின்றிப் பரிமாறுவது. ரிஸ்தொராந்தே என்பது அதைவிட ஆடம்பரமானது. ஒஸ்தெரியா முற்காலத்தில் முதன்மையாகத் திராட்சை மது விற்ற இடம். உணவு அங்கே இரண்டாம் நிலைதான். இன்று இந்த எல்லைகள் கலைந்துவிட்டன. விலை மிகுந்த இடங்களும் எளிமை தோன்றட்டும் என்று ஒஸ்தெரியா எனப் பெயர் சூட்டிக்கொள்கின்றன. எனவே நான் பெயர்ப்பலகையைப் பொருட்படுத்துவதில்லை. அன்றைய உணவுகளை எழுதி வைத்த பலகை உண்டா, உள்ளே இத்தாலிய மொழி பேசும் முதியவர்கள் உட்கார்ந்திருக்கின்றனரா என்று மட்டும் பார்ப்பேன். நாங்கள் சென்ற இடத்தில் இரண்டும் இருந்தன.

சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களை விட்டுத் தெஸ்தாச்சோவுக்கு ஏன் சென்றீர்கள்?

ரோமானியச் சமையலில் எனக்குப் பிடித்த பாதி அங்கே உருவானது. தைபர் ஆற்றங்கரையில் உள்ள இந்தப் பகுதியில் 1888 முதல் 1891 வரையிலான காலத்தில் நகராட்சியின் பெரிய இறைச்சிக்கூடமான மத்தாதோயோ கட்டப்பட்டது. 1975இல் அது மூடப்பட்டது. அங்கே வேலை செய்த கூலியாட்களுக்கு ஊதியத்தின் ஒரு பகுதி இறைச்சியின் கழிவாகக் கருதப்பட்ட உறுப்புகளாகவே வழங்கப்பட்டது. வெட்டிய மாட்டின் நான்கு கால்பங்குகளும் பிரபுக்களுக்கும் குருமார்க்கும் வசதி படைத்த வணிகர்க்கும் சென்றுவிட, எஞ்சிய வால், இரைப்பை, குடல், ஈரல், நுரையீரல் ஆகியவையே இவர்களுக்கு வந்தன. ஒரு மாட்டுக்கு நான்கு கால்பங்குகள்தாமே இருக்க முடியும்? எஞ்சியதை ‘ஐந்தாவது கால்பங்கு’ என்று பொருள்படும் ‘க்வின்தோ குவார்தோ’ என்னும் பெயரால் ரோமானியர் அழைக்கின்றனர். ஏழைகளின் கிண்டல் ஒளிந்திருக்கும் பெயர் இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த உறுப்புகளை இல்லத்தரசிகளும் அருகிலிருந்த மதுக்கடைக்காரர்களும் மணிக்கணக்கில் வேகவைத்து உண்ணத்தக்கவையாக மாற்றினர். தக்காளியும் செலரித் தண்டும் சேர்த்த மாட்டுவால் குழம்பு ‘கோடா அல்லா வாச்சினாரா’ எனப்படுகிறது; வாச்சினாரோ என்பது மாடறுப்போரைக் குறிக்கும் சொல். மாட்டின் இரைப்பையைத் தக்காளி, காட்டுப் புதினா, பெக்கொரினோ பாலாடைக்கட்டி ஆகியவற்றுடன் சமைத்தால் ‘திரிப்பா அல்லா ரொமானா’. பால்குடி மாறாத கன்றின் சிறுகுடலை, உள்ளே செரித்தும் செரிக்காமலும் இருக்கும் பாலுடன் சமைப்பது ‘பயாத்தா’. மாட்டுப் பித்துநோய்ப் பரவலின்போது, 2001இல், கன்றின் குடலை விற்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. 2015இல்தான் அது நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆட்டுக்குட்டியின் குடலைக் கொண்டு சமாளித்தனர். அன்று பலகையில் பயாத்தா இருந்தது. எதிரே மனைவி உட்கார்ந்திருந்ததால் நான் கேட்கவில்லை.

நீங்கள் என்னென்ன உண்டீர்கள்? எவை நன்றாக இருந்தன?

தொடக்கத்துக்கு ஒரு பொரித்த ஆர்ட்டிசோக் (காய்கறியாக உண்ணப்படும் ஒரு பூமொட்டு), என் மனைவிக்குக் ‘காச்சோ ஏ பேபே’ என்னும் பாஸ்தா, எனக்குக் ‘கிரிச்சா’ என்னும் பாஸ்தா, பின்பு மாட்டுவால், பக்க உணவாகச் ‘சிக்கோரியா’ என்னும் கசப்புக் கீரை, கடைசியில் திராமிசு என்னும் இனிப்பு ஒன்று, இரண்டு காப்பி.

பொரித்த ஆர்ட்டிசோக்கை ‘கார்ச்சோஃபி அல்லா ஜூதியா’, அதாவது யூதர் முறை ஆர்ட்டிசோக், என்கின்றனர். 1555இல் திருத்தந்தை நான்காம் பவுல் ரோம் யூதர்களைச் சுவர் சூழ்ந்த குடியிருப்புக்குள் அடைத்தார். இந்த உணவு அந்தக் குடியிருப்பின் பெயரோடு இணைத்தே பேசப்படுகிறது. முள்ளில்லாத உருண்டை வகை ஆர்ட்டிசோக்கை எடுத்து, கடினமான புற இதழ்களைச் சீவி, முதலில் மிதமான சூட்டில் எண்ணெயில் வேகவிட்டு, பின்பு இதழ்களைப் பூப்போல விரித்துக் கொதிக்கும் எண்ணெயில் மறுபடியும் பொரிப்பர். எங்களுக்கு வந்தது குறை சொல்ல முடியாதது. ஓர இதழ்கள் அப்பளம்போல நொறுங்கின. நடுப்பகுதி வெண்ணெய்போல இருந்தது. ஆர்ட்டிசோக் காலம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை உச்சத்தில் இருக்கும். கோடையிலும் விற்போர் உண்டு. அப்போது வாங்குவதை நான் தவிர்ப்பேன்.

மாட்டுவாலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வாலில் சதை குறைவு. எலும்பும் இணைப்புத் தசையும் மிகுதி. அந்த இணைப்புத் தசை மூன்று நான்கு மணி நேரம் சிறு தீயில் இருந்தால் கரைந்து குழம்போடு கலந்து, உதட்டில் ஒட்டும் பதத்தைத் தருகிறது. செலரியை நிறையச் சேர்த்ததால் கொழுப்பின் திகட்டல் தெரியவில்லை. சில சமையலறைகளில் முடிவில் பைன் கொட்டை, உலர்திராட்சை, சிறிது கசப்புக் கொக்கோ சேர்ப்பர். இங்கே கொக்கோவின் வாசனை மிக மெல்லியதாக இருந்தது. முள்கரண்டியால் தொடங்கிய நான் இரண்டாம் துண்டிலிருந்து கையைப் பயன்படுத்தினேன். அங்கே யாரும் அதைத் தவறாகப் பார்க்கவில்லை.

அப்படியானால் எது சரியில்லை?

காச்சோ ஏ பேபே. பாலாடைக்கட்டியும் மிளகும் என்பதே அதன் பெயரின் பொருள். பாஸ்தா, பெக்கொரினோ, மிளகு, பாஸ்தா வேகவைத்த நீர் என நான்கே பொருட்கள். பிழையை மறைக்க வேறெதுவும் தட்டில் இல்லை. எங்கள் மேசைக்கு வந்தபோது, கட்டி கட்டியாகத் திரண்ட பாலாடைக்கட்டி ஒரு பக்கமும், வெளுத்த நீர் ஒரு பக்கமுமாகப் பிரிந்திருந்தது. கரண்டியால் தூக்கினால் மெல்லும் பசைபோல இழுபட்டது.

இந்தக் கோளாறுக்கு அறிவியல் காரணம் உண்டு. பாலாடைக்கட்டியின் புரதம் ஏறக்குறைய 65 பாகை செல்சியசைத் தாண்டினால் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. பாஸ்தா வெந்த நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்து புரதத் துகள்களுக்கு இடையே புகுந்து அவற்றைத் திரளவிடாமல் தடுக்கிறது. இத்தாலிய இயற்பியலாளர் சிலர் இதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு, பாலாடைக்கட்டியின் எடையில் 2 முதல் 3 விழுக்காடு வரை மாவுச்சத்து இருந்தால் குழம்பு வழுவழுப்பாக நிற்கும் என்றும், 1 விழுக்காட்டுக்குக் கீழே சென்றால் திரளும் என்றும் கண்டறிந்தனர்; 2025ஆம் ஆண்டின் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. வேடிக்கைப் பரிசுதான் என்றாலும், அந்தத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

ஒரு சமையற்காரர் அடுப்பை அணைத்து, சட்டியைச் சற்று ஆறவிட்டு, அதன்பின் பாலாடைக்கட்டியைச் சேர்த்துச் சுழற்றி, உடனே மேசைக்கு அனுப்ப வேண்டும். பிற்பகல் 2.30 மணிக்கு, எல்லா மேசைகளும் நிரம்பியிருக்கும் சனிக்கிழமையில், அந்த ஒரு நிமிடம் ஆறவிடுவதற்கு யாருக்கும் பொறுமை இருந்திருக்காது என்பது என் ஊகம். மாட்டுவால் காலையிலேயே அடுப்பேறிவிட்டது. கூட்டம் எவ்வளவு பெருகினாலும் அதைக் கெடுக்க முடியாது, காத்திருந்தால் சுவைதான் கூடும். ஒரே சமையலறை ஒரே வேளையில் இத்தனை நல்லதையும் இத்தனை மோசமானதையும் தந்தது எப்படி என்பதை நான் இவ்வாறுதான் விளங்கிக்கொண்டேன்.

மிளகு மட்டும் உயர்தரம். அப்போதே இடித்து வறுத்திருந்தனர். ரோம் நகருக்கும் மிளகுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பேரரசர் தொமீஷியன் காலத்தில் நகர மையத்தில் மிளகுக் கிடங்குகளே கட்டப்பட்டன. முசிறியில் யவனர் கலங்கள் பொன்னைக் கொடுத்துக் கறியை, அதாவது மிளகை, ஏற்றிச் சென்றதைச் சங்கப் பாடல் காட்டுகிறது. அத்தனை தொலைவு பயணம் செய்த மிளகுக்கு இப்படிப்பட்ட பாலாடைக்கட்டியா என்று என் மனைவி கேட்டாள்.

கிரிச்சா என்பது என்ன? கார்போனாரா ஏன் வாங்கவில்லை?

ரோமின் நான்கு புகழ்பெற்ற பாஸ்தாக்களும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பவைபோல அமைந்தவை. காச்சோ ஏ பேபேயுடன் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னத்து இறைச்சியான குவாஞ்சாலேவைச் சேர்த்தால் கிரிச்சா. கிரிச்சாவுடன் தக்காளியைச் சேர்த்தால் அமாட்ரிச்சானா. தக்காளிக்குப் பதிலாக முட்டையைச் சேர்த்தால் கார்போனாரா. அமாட்ரிச்சானாவின் பெயர் அமாட்ரிச்சே என்னும் மலையூரிலிருந்து வந்தது. அவ்வூர் 2016 ஆகஸ்ட் 24இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் சிதைந்தது.

கார்போனாரா நான்கிலும் இளையது. அது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அச்சில் தோன்றுகிறது. 1954இல் ஓர் இத்தாலியச் சமையல் இதழில் வெளியான செய்முறையில் பூண்டும் க்ருயேர் பாலாடைக்கட்டியும் இருந்தன. இன்று அவற்றைச் சேர்த்தால் ரோமானியர் சண்டைக்கே வந்துவிடுவர். பாலேடு சேர்ப்பதும் அவர்களுக்கு ஏற்புடையதன்று. கிரிச்சாவைத் தேர்ந்தெடுத்ததற்கு, அது வெளியூர் உணவகங்களில் அரிதாகவே கிடைக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. குவாஞ்சாலே உருகிய கொழுப்பு அதன் பாலாடைக்கட்டியை ஓரளவு காப்பாற்றியிருந்தது. உப்பு சற்றுத் தூக்கல்.

சைவ உணவினர் அங்கே உண்ண முடியுமா?

உண்ணலாம், ஆனால் விழிப்புடன். என் மனைவி இறைச்சியும் மீனும் உண்பதில்லை. முட்டை, பால் பொருட்கள் உண்பாள். அவளுக்குப் பொரித்த ஆர்ட்டிசோக்கும், வேகவைத்துப் பூண்டும் மிளகாயும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து வதக்கிய சிக்கோரியாவும் பொருந்தின. பூண்டு, காட்டுப் புதினாவுடன் ஆலிவ் எண்ணெயில் வேகவைக்கும் ‘ரொமானா’ முறை ஆர்ட்டிசோக்கும் பொதுவாகப் பொருந்தும்.

ஏமாறக்கூடிய இடங்கள் சில உண்டு. குளிர்காலத்துப் புந்தாரெல்லே பார்வைக்கு வெறும் பச்சைக் கீரைத் தண்டு. ஆனால் அதன் மேல் ஊற்றும் சாற்றில் நெத்திலி அரைத்துக் கலந்திருக்கும். பூசணிப்பூப் பஜ்ஜிக்குள் மொசரெல்லாவோடு நெத்திலியும் ஒளிந்திருக்கும். கொண்டைக்கடலைச் சூப்பிலும் நெத்திலி சேர்ப்பது உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, பெக்கொரினோ ரொமானோ செம்மறியாட்டுப் பாலை, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைத்துச் செய்யப்படுவது. கண்டிப்பான சைவர் அதை ஏற்கமாட்டார். அவருக்கு நான்கு பாஸ்தாக்களும் இல்லையென்றே ஆகிவிடும். இதை நாங்கள் ஊர் திரும்பிய பின்னரே அறிந்தோம். என் மனைவி இரண்டு நாள் என்னுடன் சரியாகப் பேசவில்லை. எந்த உணவகத்தையும் இதற்காகக் குறை சொல்ல முடியாது.

‘சென்சா கார்னே, சென்சா பேஷே’, அதாவது இறைச்சியும் மீனும் இல்லாமல், என்று தெளிவாகச் சொல்வது, சைவம் என்று பொதுவாகச் சொல்வதைவிட நல்ல பயன் தருகிறது.

பாஸ்தா வேகாமல் இருந்தால் திருப்பி அனுப்பலாமா?

அது வேகாமல் இருப்பதன்று; பல்லில் சற்றுக் கடிபடும் பதத்தில் எடுப்பதே அவர்கள் முறை, ரோமில் இன்னும் ஒரு பிடி கூடுதலாகவே கடிபடும். திருப்பி அனுப்பினால் அவர்களுக்குக் குறை விளங்காது.

கேட்காமலே வைத்த ரொட்டிக்குப் பணம் வாங்குவது ஏமாற்று வேலையா?

இத்தாலியின் பல பகுதிகளில் ‘கொபெர்தோ’ என்னும் இருக்கைக் கட்டணம் ஒவ்வொருவருக்கும் சேர்க்கப்படும். ரோம் அமைந்துள்ள லாத்சியோ பிராந்தியம் 2006இல் இயற்றிய சட்டத்தால் அதைத் தடை செய்தது. அதனால் ரோமில் அந்தக் கட்டணம் ‘பானே’, அதாவது ரொட்டி, என்ற பெயரில் வருகிறது. ரொட்டி வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். எங்களுக்கு ஆளுக்கு 2 யூரோ ஆயிற்று. மாட்டுவாலின் குழம்பைத் துடைத்துண்ண எனக்கு அந்த ரொட்டி தேவைப்பட்டதால் வருத்தமில்லை. மேசையில் குழாய்த்தண்ணீர் தாமாக வைக்கமாட்டார்கள். புட்டித் தண்ணீர் தனிக் கட்டணம். வெளியே தெருக்களில் ‘நசோனி’ எனப்படும் வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய்கள் ஏறக்குறைய 2,500 உள்ளன. நாள் முழுதும் அவற்றில் இலவசமாகக் குடித்துவிட்டு உள்ளே வந்து தண்ணீருக்குப் பணம் கொடுப்பது வியப்பாகத்தான் இருக்கும்.

பரிமாறியவர்கள் மரியாதையாக நடந்தார்களா?

இங்கே வழக்கத்தையும் குறையையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரோமானியப் பரிமாறுவோரின் பேச்சு வெடுக்கென்று இருக்கும், புன்னகை குறைவு. அது அவமதிப்பன்று. உண்டு முடித்தபின் பில் தானாக வராததும் அலட்சியமன்று. விருந்தினரை எழுந்து போகச் சொல்வது முறையன்று என்று கருதி, நாம் ‘இல் கோந்தோ’ என்று கேட்கும்வரை அவர்கள் காத்திருப்பர்.

ஆனால் 1.15 மணிக்கு முன்பதிவு செய்திருந்த எங்களை 1.40 வரை வாசலில் நிறுத்தியது குறையே. ஆர்ட்டிசோக்குக்கும் பாஸ்தாவுக்கும் இடையில் 35 நிமிடம் ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பாததும் குறையே. பாதிக்கு மேல் மீந்த தட்டை எடுத்துச் சென்றவர் ஏன் என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். நாங்களும் முதல் வாய் உண்டவுடனே சொல்லியிருக்க வேண்டும். மௌனமாக இருந்துவிட்டுப் பின்பு வருந்துவது எங்கள் குடும்ப வழக்கம்.

எவ்வளவு செலவாயிற்று? பில் சரியாக இருந்ததா?

முதலில் வந்த பில் 84.50 யூரோ. ஆர்ட்டிசோக் ஒன்றுக்குப் பதில் இரண்டு எழுதப்பட்டிருந்தது. சுட்டிக்காட்டியதும் மறுபேச்சின்றி 7 யூரோ கழித்து 77.50 ஆக்கினர், ஆகவே அதை வேண்டுமென்றே செய்ததாக நான் எண்ணவில்லை. இந்தத் தொகையில் மாட்டுவால் 18, காச்சோ ஏ பேபே 12, கிரிச்சா 13. வீட்டு வெள்ளை மது அரை லிட்டர் 6. கையால் கிறுக்கிய தாளை மட்டும் கொடுத்தால் ‘ஸ்கொந்த்ரீனோ’ எனப்படும் அச்சிட்ட ரசீதையும் கேட்டு வாங்குங்கள். அன்பளிப்பு கட்டாயமில்லை, மகிழ்ச்சியாக இருந்தால் சில நாணயங்கள் போதும். நான் இரண்டு யூரோ வைத்தேன், மாட்டுவாலுக்காக.

இனிப்பும் காப்பியும் எப்படி?

திராமிசு ரோமின் உணவே அன்று, வடகிழக்கு இத்தாலியினுடையது. எங்களுக்கு வந்ததன் நடுவில் பனிக்கட்டி இருந்தது. ரிக்கொத்தா என்னும் மென்மையான பாலாடைக்கட்டியும் புளிப்புச் செர்ரியும் வைத்த ரோமானியப் பணியாரத்தைக் கேட்டிருக்க வேண்டும். காப்பி சிறு கோப்பையில் வந்தது, நன்றாக இருந்தது. உணவுக்குப் பின் கப்புச்சீனோ கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் புருவம் உயரும்.

எந்த நாளில், எந்த நேரத்தில் செல்வது நல்லது?

பழைய வழக்கப்படி வியாழக்கிழமை ஞோக்கி என்னும் உருளைக்கிழங்கு மாவு உருண்டைகள், வெள்ளிக்கிழமை மீன், சனிக்கிழமை திரிப்பா. பல டிராட்டோரியாக்கள் இன்றும் இதைப் பின்பற்றுகின்றன. மதியச் சமையலறை ஏறக்குறைய 12.30க்குத் திறந்து 3 மணிக்குள் மூடிவிடும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரங்களில் பல கடைகள் முழுவதுமாகப் பூட்டியிருக்கும். கடைசி நிமிடத்தில் செய்ய வேண்டிய பாஸ்தாவை விரும்பினால் வாரநாளில் 12.45க்குச் சென்று உட்காருங்கள். தாமதமாகச் சென்றால் பானையில் நெடுநேரம் கொதித்தவற்றைக் கேளுங்கள்.

மறுபடியும் அங்கே செல்வீர்களா?

செல்வேன். செவ்வாய்க்கிழமை ஒன்றில், கூட்டம் வருவதற்கு முன், ஆர்ட்டிசோக் காலத்தில். எனக்கு மாட்டுவால், ரொட்டி, கால் லிட்டர் மது. என் மனைவி வர இசைந்தால் அவளுக்கு இரண்டு ஆர்ட்டிசோக்குகள். இந்த முறை பில்லில் இரண்டு என்று இருந்தால் சரியாகவே இருக்கும்.